இடிக்காத சுவருக்கு ஒரு புகார்

மார்ச் 3, செவ்வாய்

லைசென்ஸ் வந்துவிட்டது. கனரக வாகனம் என்று தெளிவாக அச்சடித்திருக்கிறார்கள். போட்டோவில் மட்டும் ஏதோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவள் மாதிரி இருக்கிறேன். அத்தை அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லாரி ஓட்டுறவ மூஞ்சி இப்படித்தான் இருக்கணும். எதிர்ல வர்றவன் தானா ஒதுங்குவான்" என்றார். என் மாமியார் பாராட்டினால் இப்படித்தான் இருக்கும்.

ஒன்பது வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டினேன். பின்னால் வாண்டுகள் போடும் சத்தத்தில் ஹாரனே தேவைப்பட்டதில்லை. போன வருஷம் பள்ளிக்கூடம் வேனை விற்றுவிட்டது. இனி என்ன பண்ணப் போற என்று ஆளாளுக்குக் கேட்டபோது, "இதைவிடப் பெரிய வண்டி ஓட்டப் போறேன்" என்றேன். எரிச்சலில் வாய்க்கு வந்ததைச் சொன்னது. சொன்ன பிறகு ரோஷம் விடவில்லை.

லைசென்ஸ் இருக்கிறது. லாரி இல்லை. யாராவது தங்கள் லாரியை நம்பிக் கொடுக்க வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

மூன்று இடம் பார்த்தாயிற்று.

முதலாவது கண்ணாடி ஆபீஸ். நூற்றுக்கணக்கில் லாரி, எல்லாம் ஒரே நிறம். உள்ளே போனால் குளிரில் பல் தந்தியடிக்கிறது. "எங்கள் நிறுவனம் ஒரு குடும்பம்" என்றாள் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண். சொல்லிக்கொண்டே என் கழுத்தில் 'பார்வையாளர்' என்று ஒரு அட்டையை மாட்டினாள். "குடும்பத்துக்குள்ள வர எதுக்குங்க பாஸ்?" என்று கேட்டேன். அவளுக்குச் சிரிக்க அனுமதி இல்லை போலிருக்கிறது.

இரண்டாவது நம்ம மாமா. அத்தையின் தம்பி, என் வீட்டுக்காரருக்குத் தாய்மாமா. இரண்டு லாரி வைத்திருக்கிறார். எதைச் சொன்னாலும் 'நம்ம' போட்டுத்தான் ஆரம்பிப்பார், அதனால் இந்தப் பெயர். "நம்ம வண்டி இருக்க, நம்ம பொண்ணு வெளியில போய் நிக்கலாமா?" என்று உருகினார். சம்பளம் எவ்வளவு மாமா என்றேன். "நமக்குள்ள என்னம்மா சம்பளம்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மூன்றாவது, மரக்கடை தாண்டி ஒரு யார்டு. எட்டு லாரி, ஒரு தகரக் கொட்டகை. ஓனர் வாயைத் திறப்பதே இல்லை. வேன் ஓட்டியிருக்கேன் என்றேன். "ம்" என்றார். ஹெவி லைசென்ஸ் இப்பதான் எடுத்தேன் என்றேன். "ம்." இரண்டு பீப்பாய்க்கு நடுவில் லாரியை ரிவர்ஸ் எடுத்து நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். மூன்றாவது முயற்சியில் நிறுத்தினேன். அதற்கும் "ம்". பெண்களுக்கு டாய்லெட் இருக்கா என்று கேட்டேன். எழுந்து போய் ஆபீஸ் டாய்லெட் சாவியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தார். இது வேலை கிடைத்ததா, இல்லை அவசரம் என்று நினைத்துக்கொண்டாரா?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர். "தொண்டையா இருக்கும். வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லு" என்றார்.

மார்ச் 7, சனி

என்னோடு டிரைவிங் ஸ்கூலில் படித்தவன் ஒருவன் உண்டு. எதிலும் முந்துவான். 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவோம். முதலில் வேலையில் சேர்ந்ததும் அவன்தான், நான் பார்க்காத வேறொரு கம்பெனியில். இன்று கடைத்தெருவில் பார்த்தேன். முகம் விழுந்து கிடந்தது. சேர்ந்த இரண்டாவது வாரம் ஏதோ ஒரு குடோன் கேட்டில் லேசாக உரசிவிட்டானாம். அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

"உரசினதுகூடப் பரவால்லக்கா. இப்ப எங்க போனாலும், முதல் கம்பெனியில ஏன் விட்டாங்கன்னுதான் முதல்ல கேக்கறாங்க. சொன்னா, அப்புறம் சொல்றோம்ங்கறாங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் இதே நினைப்பு. புது டிரைவர் எங்கேயாவது உரசாமல் இருக்கப் போவதில்லை. நானும் உரசுவேன். அன்றைக்கு ஓனர் கைகழுவிவிட்டால் என் லைசென்ஸைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். முப்பத்தாறு வயதில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

நான் உரசினால் என்ன பண்ணுவீங்க என்று நேரில் கேட்டால் எல்லாரும் தேன் ஒழுகத்தான் பேசுவார்கள். வேறு விதமாகக் கேட்க வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

யோசனை வந்துவிட்டது. மூன்று பேருக்கும் போன் போட்டு, "உங்க லாரி எங்க வீட்டுச் சுவரை இடிச்சிருச்சு" என்று சண்டை பிடிக்க வேண்டும். டிரைவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

என் குரல் அவர்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர்தான் பேச வேண்டும். பாவம், அவர் இன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

மார்ச் 9, திங்கள்

கண்ணாடி ஆபீஸ். வீட்டுக்காரர் அவர் செல்லிலிருந்து பேசினார். "வணக்கம்ங்க. தொந்தரவுக்கு மன்னிக்கணும். உங்க லாரி எங்க சுவரை லேசா... நீங்க பிஸின்னா அப்புறம் பண்றேன்." ஜுரத்துக்கு மாத்திரை கேட்கிறவர்கூட இதைவிடக் கோபமாகக் கேட்பார்.

அத்தை பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார். போனைப் பிடுங்கினார். "யாருடி பேசறது? எம்புருஷன் வயித்தைக் கட்டி வாயைக் கட்டிக் கட்டின சுவர் தெரியுமா?" என்று ஆரம்பித்தார் பாருங்கள், எனக்கே ஒரு கணம் சுவர் இடிந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வேறு. வெங்காயம் என்று பிறகு சொன்னார்.

அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நிறுவனம் பொறுப்பில்லைங்க, ஓட்டுநர்தான் பொறுப்பு. நடவடிக்கை எடுப்போம்" என்றாள். வண்டி நம்பர் கேட்கவில்லை. எந்தத் தெரு என்றும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மெசேஜ் வந்தது. 'சம்பந்தப்பட்ட ஓட்டுநர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். தங்கள் நம்பிக்கைக்கு நன்றி.'

ஐயோ. எந்த ஓட்டுநர்?

மார்ச் 10, செவ்வாய்

தூங்கவே இல்லை. விடிந்ததும் கண்ணாடி ஆபீஸ் வாசலுக்கு ஓடினேன். நேற்று யாரையாவது வேலையை விட்டு எடுத்தார்களா என்று வாட்ச்மேனிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டேன். மெசேஜைக் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "யார் புகார் சொன்னாலும் இதே மெசேஜ்தாம்மா போகும். கம்ப்யூட்டர் அதுவா அனுப்பும். யாரையும் எடுக்கல, போய்ப் படுத்துத் தூங்கு."

போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு கோபமும் வந்தது. இல்லாத டிரைவரையே விசாரிக்காமல் வேலையை விட்டு எடுக்கிறவர்கள், இருக்கிறவளை என்ன பண்ண மாட்டார்கள்? குடும்பமாம் குடும்பம்.

ஒன்று கழிந்தது. இனிமேல் வண்டி நம்பர் சொல்லாமல், இன்னார் என்று யாரையும் காட்டிக்கொடுக்காமல் பேச வேண்டும் என்று அத்தையிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை.

மார்ச் 11, புதன்

நம்ம மாமா.

எங்கள் போன் நம்பரெல்லாம் அவருக்குத் தெரியும் என்பதால் மருந்துக்கடை போனிலிருந்து, மத்தியானம் கடை சாத்தியிருக்கும் நேரத்தில். வேண்டாம் அத்தை, உங்க தம்பி குரலைக் கண்டுபிடிச்சிடுவார் என்றேன். "நானா மாட்டுவேன்?" என்று மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டார். கடையில் பஞ்சுக்கா பஞ்சம்.

நானும் காதை ஒட்ட வைத்துக் கேட்டேன். சுவர் இடிந்த கதையைக் கேட்டதும் நம்ம மாமா பதறவே இல்லை. "அது டிரைவர் பண்ணின தப்பும்மா, எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அவன்கிட்டயே வசூல் பண்ணிக்குங்க. நானே அவனைத் துரத்திட்டு வேற ஆள் போடப் போறேன். எங்க அக்கா மருமக ஒருத்தி வர்றா. சம்பளமே கேக்க மாட்டா. இடிச்சாலும் அவங்க வீட்டுக் காசுலயே கட்டிக் குடுத்துருவா."

அத்தை மூக்கிலிருந்து பஞ்சு தெறித்தது.

"யாருடா சம்பளம் கேக்க மாட்டா? என் மருமக என்ன உன் வீட்டுல நேர்ந்து விட்ட ஆடா?"

 அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக, "அக்கா?"

அதற்குப் பிறகு நடந்ததை எழுத வேண்டாம். ஐம்பது வருஷத்துப் பழைய கதையெல்லாம் வெளியே வந்தது. இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார் நம்ம மாமா. லோடு ஏற்றும்வரை நம்ம வண்டி. இடித்தால் டிரைவர் வண்டி.

மத்தியானம் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. சாயங்காலம் பார்த்தேன், அத்தை டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். சாப்பிட வாங்க அத்தை என்றேன். "ஒரே தம்பி" என்றார்.  எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னால்தானே. நான் பாட்டுக்கு விளையாட்டாக ஆரம்பித்தேன், அவருடைய உறவு போய்விட்டது.

மூன்றாவது போன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "பாதியில விட்டா நான் தம்பியை இழந்ததுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கிறார்.

மார்ச் 12, வியாழன்

இன்றைக்கு நடந்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

காலையில் வீட்டுக்காரர் செல்லிலிருந்து ம்-காரருக்குப் போன். அத்தை முழு மூச்சாகத் திட்டினார். "ம்." சுவரின் பெருமையைச் சொன்னார். "ம்." அழுதார். "ம்." அத்தைக்கே களைத்துவிட்டது. அவர் மூச்சு வாங்கின இடைவெளியில்தான் அந்தப் பக்கத்திலிருந்து முதல் வாக்கியம் வந்தது.

"நம்ம டிரைவருக்கு அடி கிடி பட்டுச்சாங்க?"

நானும் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அத்தை ஸ்ருதி இறங்கி, "இல்லப்பா, நல்லாத்தான் இருக்கு புள்ள" என்றார்.

"சரி. வீடு எங்க?"

இங்கேதான் விதி விளையாடியது. அட்ரஸ் கேட்டால் சிலிண்டர் புக் பண்ணுகிற பழக்கத்தில் அத்தைக்கு வாய் தானாக ஓடும். தெரு, கதவு எண், முட்டுச்சந்து, பச்சை கேட், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் கையை வாயில் வைத்தார். "கொத்தனாரோட வர்றேன்" என்று அவர் வைத்துவிட்டார்.

சுவர் குத்துக்கல்லாட்டம் நிற்கிறது.

திரும்பப் போன் பண்ணி உண்மையைச் சொல்லிடலாம் என்றார் வீட்டுக்காரர். அதைச் செய்திருக்க வேண்டும். அத்தை சுத்தியலை எடுத்து வந்து அவர் கையில் திணித்தார். "லேசா ஒரு மூலையில தட்டு. ரெண்டு செங்கல் உதிர்ந்தாப் போதும்." அவர் சுவருக்கு வலிக்குமோ என்பது போலத் தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. சுத்தியலை வாங்கி ஓங்கி ஒன்று வைத்தேன்.

யானை முட்டினாலும் அசையாது என்று மாமனார் சொல்வாராம். யானைக்கு அசையாமல் இருந்திருக்கும். எனக்கு அசைந்தது. கேட்டிலிருந்து மூலை வரை மொத்தமும் தெருவில் சாய்ந்தது.

லாரி வந்து நின்றபோது நான் குளியலறைக்குள் ஓடிக் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டேன். ம்-காரரே ஓட்டி வந்திருந்தார். பின்னால் செங்கல், சிமெண்ட், மணல், அதன் மேல் ஒரு கொத்தனார். இறங்கினார். சுவரைப் பார்த்தார். தெருவெல்லாம் சிதறிக் கிடந்த செங்கலைப் பார்த்தார். காலியாக இருந்த எங்கள் முற்றத்தைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார்.

"லாரி உங்க வீட்டுக்குள்ள இருந்து வெளிய வந்துச்சுங்களா?"

அத்தை திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் கையில் நான் திணித்துவிட்டு ஓடின சுத்தியல். குளியலறைக்குள் இனியும் நிற்பதில் மானம் ஒன்றும் மிஞ்சப் போவதில்லை என்று நானே வெளியே வந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவசரம் கதை, கண்ணாடி ஆபீஸ் கதை, நம்ம மாமா கதை. என்னைக் கைவிடாத ஓனர் யார் என்று பார்க்கத்தான் இப்படிப் பண்ணினேன் என்றும் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ம்" என்றார். பிறகு, "செங்கல், சிமெண்டு, கூலி, எல்லாம் உங்க செலவு" என்றார். கொத்தனாரிடம் ஏதோ சொல்லிவிட்டு, தெருமுனையில் ஒரு பைக்கை வரச் சொல்லி ஏறிப் போய்விட்டார். லாரி இங்கேயே நிற்கிறது, யாராவது ஆள் வந்து எடுத்துப் போவார்கள்.

மூன்று இடம் இருந்தது. மூன்றையும் நானே காலி பண்ணிவிட்டேன். அதிலும் நல்ல இடம் எது என்று தெரிந்துகொண்ட நிமிஷமே அதையும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் சொந்தச் சுவரிலேயே வைத்துக்கொண்டேன்.

மார்ச் 13, வெள்ளி

கொத்தனார் சாயங்காலம் சுவரை முடித்தார். கை காலைக் கழுவிக்கொண்டு வந்து, மடியிலிருந்து லாரிச் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதை நான் என்னங்க பண்றது?"

"இடிச்சவங்களே வண்டியைக் கொண்டுவந்து விடட்டும்னார். நேத்தே சொல்லிட்டுத்தான் போனார்."

"நேத்தே ஏன் சொல்லல நீங்க?"

"வேலை முடிஞ்ச பிறகு குடுன்னார்."

ஒரு நாள் முழுக்க அழவிட்டிருக்கிறார் மனுஷன். சரி, எனக்கு வேண்டியதுதான்.

எங்கள் சந்தில் திரும்ப இடமில்லை. தெருமுனை வரை ரிவர்ஸிலேயே போக வேண்டும். ஒரு பக்கம் ஈரச்சுவர், இன்னொரு பக்கம் எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டர். அவர் ஓடிவந்து அதைக் குழந்தையைத் தூக்குவது போல உள்ளே கொண்டு போனார். தெருவே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. அத்தை பின்னால் நின்று "வா, வா, வா" என்கிறார். வீட்டுக்காரர் இன்னொரு மூலையில் நின்று "பார்த்து, பார்த்து" என்கிறார். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. நான் கண்ணாடியை மட்டும் பார்த்தேன். புதுச் சுவரைத் தாண்டினேன். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினேன். தெருவிளக்குக் கம்பத்தில் இடது பக்கம் கிரீச்சென்று ஏதோ கேட்டது.  நிறுத்தி, நேராக்கி, மறுபடி எடுத்து, மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டேன்.

யார்டில் அவர் கொட்டகை வாசலிலேயே நின்றிருந்தார். நான் இறங்கினதும் முதலில் சொன்னது இதுதான்: "சார், இடது பக்கம் கம்பத்துல உரசிட்டேன். நான்தான்."

சுற்றி வந்தார். இடது பக்கம் பாடியில் ஒரு நீளக் கோடு. தொட்டுப் பார்த்தார்.

"இது நான் போட்டது. நாலு வருஷமாச்சு."

"அப்ப நான் உரசினது?"

கையைக் காட்டினார். இடது பக்கக் கண்ணாடியின் முதுகு நசுங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரமும் நான் அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் ஓட்டிவந்தேன். அதில் பின்னால் வருவதெல்லாம் தெரிந்தது, அதற்கு ஆனது தெரியவில்லை.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவரைப் பார்த்தேன். உதடு ஒரு ஓரமாக இழுத்துக்கொண்டிருந்தது. அது சிரிப்பு என்றுதான் நினைக்கிறேன்.

"உனக்கு அடி படலையே?"

இல்லை என்று தலையாட்டினேன். 

"கண்ணாடி மாத்திடலாம். காலைல ஆறு மணிக்கு வந்துடும்மா."

மார்ச் 14, சனி

ஐந்தேமுக்காலுக்கே போய்விட்டேன். அவர் எனக்கு முன்னால் வந்திருந்தார். "ம்" என்றார். எனக்கு இப்போது அது புரிய ஆரம்பித்திருக்கிறது.

மார்ச் 22, ஞாயிறு

லீவு. நாளெல்லாம் தூங்கினேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

நேற்று ராத்திரி லோடு இறக்கிவிட்டு வந்தேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. வீட்டுக்காரர் மூன்று விதத் தைலம் கொண்டுவந்து வரிசையாக வைத்து ஒவ்வொன்றின் குணத்தையும் விளக்கினார். எந்தத் தைலமும் தேய்த்துவிடவில்லை. நானே எடுத்துத் தேய்த்துக்கொண்டேன்.

இன்று காலை அத்தையின் செல் அடித்தது. திரையைப் பார்த்தவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் எடுத்தார். நம்ம மாமா. அந்தச் சண்டைக்குப் பிறகு இதுதான் முதல் போன்.

"சாப்பிட்டியா?" என்றார் அத்தை. முட்டி வலி எப்படி இருக்கு என்றார். மறுபடியும், "சாப்பிட்டியா?" முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து நாளாகிறது. எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினது மாதிரி இருந்தது.

பிறகு அந்தப் பக்கம் ஏதோ நீளமாகச் சொன்னார். டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டானாம், லோடு ஏற்றின வண்டி அப்படியே நிற்கிறதாம், நம்ம மருமகள் ஒரு ரெண்டு நாள் வந்தால் போதுமாம். ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது. அவர் அவ்வளவு சத்தமாகத்தான் கெஞ்சுவார்.

படுத்திருந்த நான் அத்தையைப் பார்த்தேன். அவர் கேட்டால் போவேன். தம்பி உறவை எனக்காக விட்டவர், இப்போது அது திரும்பி வரும்போது நான் எப்படி முடியாது என்பது? எழுந்து உட்கார்ந்தேன்.

அத்தை என்னைக் கையமர்த்தினார்.

"இருப்பா. அவளை என்கிட்ட கேட்டா நான் என்ன சொல்றது? எங்க ஓனர்கிட்ட கேளு. நம்பர் சொல்றேன், எழுதிக்கோ."

அவர் எழுதிக்கொண்டாரா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகும் அக்காவும் தம்பியும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மறுபடி படுத்துத் தூங்கிவிட்டேன்.